கோலா தெர்லா ஏற்றத்தில் நின்ற மோட்டார்

என் கணவர் சிங்கப்பூருக்குப் புறப்படுவதற்கு முன்பு எனக்காக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். திரிங்காப்பில் தக்காளி போடும் சீனர் ஒருவருடையது. அவர் மகன் புதிய வண்டி எடுத்துவிட்டதால் இதை விற்க நினைத்திருக்கிறார். நீல நிறம். சீட்டின் ஓரத்தில் கிழிந்த இடத்தை மறைத்துக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் அதை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்கு ஓட்டிவந்தார். கீழே பெரிய ரோடு வரைக்கும் இரண்டு மூன்று தரம் போய்த் திரும்பினார். இறங்கி, இருக்கையைத் தட்டி, "எஞ்சின் நல்லாருக்குலா. பயப்படாம ஓட்டு," என்றார்.

எனக்கு ஓட்டப் பயமில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு லைசன்ஸ் எடுத்தவள் நான். தானா ராத்தாவில் ஒரு டோபிக் கடையில் வேலை. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்புவோம். நாங்கள் இருப்பதோ மலையின் வடக்கு முனையில். அங்கிருந்து கோலா தெர்லாவுக்கு இறங்கி, திரிங்காப்புக்கு ஏறி, அப்புறம் பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தா போய்ச் சேர வேண்டும். அதுவரை தோட்டத்து ஆட்கள் யாருடைய காடியிலாவது, காரோ லோரியோ, ஒட்டிக்கொண்டு போய்வந்தேன். "நான் இல்லாதப்போ நீ ரோட்ல நின்னு யாருக்கும் கை காட்டக் கூடாது," என்றுதான் அவர் மோட்டார் வாங்கினார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மிகவும் கொஞ்சம். அவர் காய்கறி லோரி ஓட்டினார். ராத்திரி திரிங்காப்பில் சரக்கு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்கு இறங்கிவிடுவார். அவர் திரும்பி வரும் நேரம் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். வாசலில் வைத்து, "பசியாறிட்டியா?" என்பார். "ஆச்சிங்க, உங்களுக்கு மூடி வச்சிருக்கேன்," என்பேன். அதுதான் எங்கள் பேச்சு. பிறகு லோரி முதலாளி வண்டிகளைக் குறைத்தார். நண்பர் ஒருவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ராத்திரி வேலை இருப்பதாகச் சொன்னார். என் கணவர் போனார். வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். அத்தைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. அந்த வேலையினால்தான் லயத்து வீடு எங்களுக்கு இருந்தது.

அவர் புறப்பட்ட நாளில் தூறிக்கொண்டிருந்தது. பையெல்லாம் கட்டி வாசலில் வைத்த பிறகும் அவர் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மோட்டாரின் சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் கத்தரிக்கோலுடன் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். டேப் ஒட்டுகிறார் என்று நினைத்தேன். "சோறு ஆறுதுங்க," என்றேன். "வந்துட்டேன், வந்துட்டேன்," என்றார்.

அவர் போய் ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடியது. அந்த வாரம் தொட்டியில் பெட்ரோல் எண்ணெய் அடிமட்டத்தில்தான் கிடந்தது. அவ்வப்போது கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை காலை கோலா தெர்லாவில் முழுத் தொட்டியும் நிரப்பிக்கொண்டு ஏறினேன். ஏற்றம் பாதி தாண்டியதும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைத் திருகத் திருக வேகம் குறைந்தது. இரண்டு தரம் இருமியது. நின்றுவிட்டது.

ரோட்டின் ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். கோழி எருவின் வாடை. பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. உதைத்து உதைத்துப் பார்த்தேன். உயிர் வரவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தது. இப்போதுதான் நிரப்பினேன், இருந்தாலும் சீட்டைத் தூக்கி, தொட்டியின் மூடியைத் திருகித் திறந்து பார்த்தேன். நிறைய இருந்தது. மூடினேன். மறுபடி உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. எஞ்சின் சூடேறி நின்றிருக்கும், ஆறியதும் கிளம்பிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு வேலைக்குப் போனேன்.

மறுநாளும் அதே ஏற்றத்தில், கொஞ்சம் தள்ளி நின்றது. புதன்கிழமை பிரிஞ்சாங் வரைக்கும் போய் நின்றது. வியாழன், வெள்ளி நிற்கவே இல்லை. அடுத்த திங்கள் மறுபடியும் ஏற்றத்திலேயே.

அவர் தினமும் சாயங்காலம் வேலைக்குப் போகுமுன் கூப்பிடுவார். லயத்துக்குள் போனுக்கு லைன் கிடைக்காது. கடைசி வீட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். முதல் வாரம் முழுக்க நான் அந்த மேட்டில் நின்று பேசியதெல்லாம் ஒன்றே போலத்தான் இருந்தது. பசியாறியாச்சா, அம்மா எப்படி இருக்கு, மழையா, குளிரா. பிறகு இரண்டு பேரும் சொல்ல எதுவும் இல்லாமல் நிற்போம். போனை வைக்கவும் மனசு வராது. அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "சரி, வச்சிடவா?" என்பார். "சரிங்க," என்பேன். இறங்கி வரும்போது அழுகை வரும். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாத அழுகை. கணவனை நினைத்து அழக்கூட எனக்கு அதிகமாக எதுவும் இருக்கவில்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்பதே அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.

மோட்டார் நின்ற கதையைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"எங்க நின்னுச்சி? கோலா தெர்லா தாண்டியா? நிக்கிறதுக்கு முன்னால இழுவ குறைஞ்சிச்சா, இல்ல பட்டுன்னு நின்னுச்சா?"

"கொறஞ்சி கொறஞ்சிதான் நின்னுச்சிங்க. ரெண்டு தரம் இருமுச்சி."

"இருமுச்சா?" அவர் சிரித்தார். சிங்கப்பூர் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். "சரி, அடுத்த தரம் நின்னா பிளக்க கழட்டிப் பாரு. காஞ்சிருக்கா நனைஞ்சிருக்கான்னு சொல்லு. கழட்டுற சாவி சீட்டுக்குக் கீழ பையில இருக்கு."

அதிலிருந்து எங்களுக்குத் தினமும் பேச விஷயம் கிடைத்தது. ரோட்டோரம் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினேன். காய்ந்துதான் இருந்தது. "காஞ்சிருந்தா எண்ண வரலன்னு அர்த்தம். நனைஞ்சிருந்தா கரண்டு வரலன்னு அர்த்தம்," என்று விளக்கினார். எண்ணெய் வரவில்லை என்றால் எங்கே அடைப்பு? தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தேன். அதற்கு முன்பு தொட்டிக்குள் அழுக்கு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார்; பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிறகு குழாயைக் கழற்றினேன். எண்ணெய் தாராளமாக ஒழுகியது. பாட்டில் நிரம்பியதும் அடைத்தேன். "அப்ப கார்ப்புரேட்டர்தான்," என்றார்.

கோலா தெர்லாவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தார். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தார். கார்ப்புரேட்டரைக் கழுவினார். பிளக்கை மாற்றினார். சந்தைப் பக்கம் போய் ஒரு சுற்று வந்து நிறுத்தி, "தாக் அடா அபா-அபா," என்றார், ஒன்றுமே இல்லை என்று. அவர் முன்னால் அது ஒருதரம்கூட நிற்கவில்லை. மூன்றாவது முறை போனபோது, வண்டியைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கடையிலும் பிரச்சினை வந்தது. என் கையில் பெட்ரோல் வாடை. வெள்ளை விரிப்புகளில் அது ஏறுகிறது என்று முதலாளியம்மா முகம் சுளித்தார். கூட வேலை செய்யும் அக்கா எலுமிச்சம்பழத் தோலை வைத்திருந்து கொடுப்பார். நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அக்காவும் நானும் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, உதறி, கிட்டே வந்து, கையோடு கை சேர்த்துக் கொடுத்து, மறுபடி விலகுவோம். ஒருநாள் அக்கா கேட்டார்: "மோட்டார மாத்திட வேண்டியதுதானே? ஏன் இத்தன பாடுபடுற?" நான் அடுத்த விரிப்பை எடுத்து உதறினேன். அந்த வண்டியைப் பற்றிய கவலை சாயங்காலத்துப் பேச்சாக மாறுகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு அவர் எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். கிளம்பும் சத்தம், சும்மா நிற்கும்போது வரும் சத்தம், முறுக்கினால் வரும் சத்தம். தினமும் வேலை விட்டு வந்ததும் வாசலில் நிறுத்திப் பதிவு செய்து, மேட்டுக்குப் போய் அனுப்புவேன். கிடங்கு வேலையாட்கள் தங்கும் அறையில் அவரோடு ஏழெட்டுப் பேர். இயர்போனைக் காதுக்குள் மாட்டிக்கொண்டு கேட்பாராம்.

ஒருநாள் சொன்னார்: "எஞ்சின அடைச்ச பெறகு உடனே ரெக்கார்ட நிறுத்திடாத. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

"ஏங்க? அடைச்ச பெறகு என்ன சத்தம் வரும்?"

"சூடு ஆறுறப்போ டிக் டிக்னு ஒரு சத்தம் வரும்லா. அது முக்கியம்."

நானும் நம்பினேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, போனை சீட்டின் மேல் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவேன், கை கால் கழுவுவேன். அத்தை உள்ளேயிருந்து, "வந்துட்டியாம்மா? தேத்தண்ணி கலக்கட்டா?" என்று கேட்பது அதில் பதிவாகும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். மழை பிடித்தால் தகரக் கூரையில் சடசடவென்று விழும். தொழிற்சாலையில் இலை வாட்டும் காற்றாடிகளின் இரைச்சல் தூரத்தில் கேட்கும். எனக்கு இதெல்லாம் சத்தமாகவே தோன்றியதில்லை.

ஒருநாள் அவர் போனில், "அம்மாவுக்கு இருமல் விடலயா?" என்றார். நான் அத்தையின் இருமலைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. அவர் கவலைப்படக் கூடாது என்று மறைத்திருந்தேன்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"ரெக்கார்ட்ல கேட்டுச்சி," என்றார். "மூணு நாளா கேக்குது. முந்தாநாளு கொறஞ்ச மாதிரி இருந்துச்சி. நேத்து மறுபடியும் ஜாஸ்தியா இருக்கு. கிளினிக்குக்கு அழைச்சிட்டுப் போ."

அந்த மேட்டில் நின்றபடி எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் எஞ்சினை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில், நான் கால் கழுவும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஓடவிட்டேன். உள்ளே போய் அத்தையோடு பேசுவதைக் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன்.

ஆனாலும் வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை. பனி இறங்கும் மாதம் வந்தது. காலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த ஏற்றத்தில், வளைவுக்குப் பக்கத்தில் வண்டி நின்றால் லோரிக்காரர்களுக்கு நான் நிற்பது தெரியாது. ஒருநாள் ஒரு லோரி மிகவும் கிட்டத்தில் உரசிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் அதை அவரிடம் சொன்னேன். "போதும். அத வித்துடு. நான் வேற பாக்கச் சொல்றேன்," என்றார். விற்க வேண்டாம், கண்டுபிடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் நானும் யோசிக்கத் தொடங்கினேன். திங்கட்கிழமையில் சீக்கிரம் நிற்கிறது. வார முடிவில் நிற்பதில்லை. திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் என்ன வித்தியாசம்? திங்கட்கிழமை தொட்டி நிரம்பியிருக்கும். வெள்ளிக்கிழமை அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். எண்ணெய் நிறைய இருந்தால் நிற்கிறது, குறைவாக இருந்தால் ஓடுகிறது. இதை அவரிடம் சொன்னேன். "தலகீழா இருக்கே," என்றார். யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கடையில் துணியை மிருதுவாக்கும் நீலத் திரவம் பெரிய பீப்பாயில் வரும். அடியில் குழாய். அதைத் திறந்து வாளியில் பிடித்து எந்திரத்தில் ஊற்ற வேண்டும். அன்று புதுப் பீப்பாய். முதலில் நன்றாக வந்தது. வாளி பாதி நிரம்புவதற்குள் நூல் போல மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. பீப்பாயைத் தட்டினேன், நிறைய இருந்தது. குழாயில் அடைப்போ என்று குனிந்து குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா விரிப்பு மூட்டையோடு வந்தவர் பார்த்துவிட்டு, "மேல மூடிய திறக்கலயா? காத்து உள்ள போனாத்தானேலா கீழ தண்ணி வரும். புதுசுல்ல, உள்ள எடமே இருக்காது, சீக்கிரம் இறுகிப் போயிடும்," என்றபடி மேலே இருந்த சிறிய மூடியைத் திருகினார். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். கீழே திரவம் சடக்கென்று கொட்டியது. என் வாளி நிரம்பி, கால் மேல் வழிந்தது. நான் குழாயை மூட மறந்து நின்றேன்.

ஒவ்வொரு தடவையும் ரோட்டில் நின்று நான் என்ன செய்தேன்? எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். திறந்து மூடியதும் வண்டி கிளம்பியது. எஞ்சின் ஆறியதால் கிளம்பியது என்று நினைத்தேன். மெக்கானிக்கும் மூடியைத் திறந்தார். குழாயைக் கழற்றிய அன்றும் முதலில் மூடியைத்தான் திறந்தேன். நாங்களே கோளாறைச் சரிசெய்துவிட்டு, கோளாறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று வேலை முடிந்து திரும்புகிற வழியில் வேண்டுமென்றே தொட்டியை நிரப்பினேன். பிரிஞ்சாங் தாண்டி மேலே ஏறும்போது வண்டி இருமி நின்றது. மூடியைத் தொடவில்லை. உதைத்தேன், கிளம்பவில்லை. பத்து நிமிடம் போல் காத்திருந்தேன். உதைத்தேன், கிளம்பி, கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. இப்போது சீட்டைத் தூக்கி, லோரிகள் கடந்து போகும்வரை பொறுத்து, காதைக் கிட்டே வைத்துக்கொண்டு மூடியைத் திருகினேன். ஸ்ஸ். பீப்பாயில் கேட்ட அதே சத்தம். முதல் உதையில் எஞ்சின் பிடித்தது. மூடியை இறுக்காமல் அரைச் சுற்று தளர்வாக விட்டு ஓட்டினேன். திரிங்காப், கோலா தெர்லா, தோட்டத்து மண் ரோடு, வீட்டு வாசல். எங்கும் நிற்கவில்லை. ரோட்டில் ஓட்டியபடியே நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் கறுப்பு ரப்பர் வட்டம் ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது மூடியோடு வந்தது என்றே நினைத்திருந்தேன். நகத்தால் நெம்பினேன். வந்துவிட்டது. அதற்குக் கீழே மூடியின் நடுவில் ஊசி முனையளவு ஒரு துளை இருந்தது. காற்றுப் போகும் வழி. ரப்பர் வட்டத்தின் ஓரம் கத்தரிக்கோல் வெட்டு. லோரி டயரின் டியூப்பிலிருந்து வெட்டியது.

மேட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கூப்பிடும் முன் நானே கூப்பிட்டேன். பீப்பாய், மூடி, சத்தம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ரப்பரைப் பற்றியும் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து, "என்னங்க, கேக்குதா?" என்றேன்.

"கேக்குது." பிறகு மெதுவாக, "அத நான்தான் வச்சேன்," என்றார்.

"தெரியும். கத்தரிக்கோல் வெட்டு பாத்தேன்."

"அன்னிக்கு மழ தூறிச்சி. சீட்டு கிழிஞ்சிருக்கு, அந்தத் தொள வழியா தண்ணி எண்ணத் தொட்டிக்குள்ள போயிடும், நீ நடு ரோட்ல நிப்பேன்னு நெனச்சேன். நிக்கக் கூடாதுன்னுதான் வச்சேன்." அவர் குரல் நின்று நின்று வந்தது. "மூணு மாசமா நானே உன்ன ரோட்ல நிக்க வச்சிருக்கேன். எனக்கு ஞாபகத்துக்கே வரல. அது நல்லதுக்குச் செஞ்சதுன்னு மனசுல ஒக்காந்துடுச்சி. அந்த லோரி உரசிக்கிட்டுப் போச்சே..."

நான் சிரித்துக்கொண்டு சொல்ல வந்தவள். அவர் அழுகிறாரோ என்று தோன்றியதும் சிரிப்பு போய்விட்டது. "ஒண்ணும் ஆவலயேங்க. இப்ப ஓடுது," என்றேன். கிட்டே இருந்திருந்தால் கையைப் பிடித்திருப்பேன். போனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரப்பரின் நடுவில் ஆணியைக் காய்ச்சி ஒரு சின்னத் துளை போட்டு, மூடியின் துளைக்கு நேராக வருமாறு மறுபடி வைத்தேன். மழையும் உள்ளே போகவில்லை, வண்டியும் நிற்கவில்லை.

வண்டி சரியான பிறகு எங்கள் பேச்சு குறைந்தது. "இன்னிக்கு எங்கயும் நிக்கலயா?" என்பார். "இல்லங்க." "நல்லதுலா." பிறகு மறுபடியும் அந்த மௌனம். பிளக்கும் இல்லை, கார்ப்புரேட்டரும் இல்லை. பதிவு அனுப்பச் சொல்லவும் அவருக்குக் காரணமில்லை. சொல்லாமல் அனுப்ப எனக்குக் கூச்சம். மேட்டிலிருந்து இறங்கும்போது பழைய அழுகை திரும்பி வந்தது. இந்தத் தடவை எதற்கென்று தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் அவர் திடீரென்று கேட்டார்: "அந்த ஏத்தத்துல நிக்கிறப்போ நீ என்ன செய்வ?"

"சும்மா நிப்பேன்."

"சும்மான்னா?"

எதிர்த் தோட்டத்தில் பூப் பறிக்கும் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கை ஆட்டுவாள் என்றேன். ஒருநாள் பூக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள், தண்டு ஒடிந்தது, விற்க ஆகாது என்று. அதை அத்தை சாமி படத்துக்கு வைத்தார் என்றேன். அப்புறம் நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"லோரிங்கள பாத்துக்கிட்டு நிப்பேன். நீங்க ஓட்டுனது நீலத் தார்ப்பாய் போட்டதுல்ல? நீலத் தார்ப்பாய் வந்தா ஓட்டுறவர் மூஞ்சிய பாப்பேன். நீங்க அங்க இல்லன்னு தெரியும். இருந்தாலும் பாப்பேன்."

மேட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிய ஆரம்பித்தது.

"நான் ஓட்டுன லோரிய இப்ப யாரு ஓட்டுறா?" என்று கேட்டார்.

"தெரியலங்க. கட்டையா ஒருத்தர். தொப்பி போட்டிருக்கார்."

"மூணாவது கியர்ல தடுமாறுவான். அது அப்படித்தான். நான் உன்ன நெனச்சிக்கிட்டு ஓட்டுவேன் அந்த எறக்கத்துல, தெரியுமா? நீ அப்ப தூங்கிக்கிட்டு இருப்ப."

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிய பிறகு அதை அவர் முதல்முறையாகச் சொன்னார். அன்று வேலைக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிடும் வரை பேசினோம். அதற்குப் பிறகு பேச்சுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பேசப் பேச, கிட்டே இல்லையே என்பது குறையவில்லை. கூடத்தான் செய்தது. முன்பு தெரியாத ஒருவருக்காகக் காத்திருந்தேன். இப்போது தெரிந்தவருக்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

தீபாவளிக்கு வந்தார். மெலிந்திருந்தார். வந்தவுடன் மோட்டாரின் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ரப்பரின் துளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடினார். அத்தை இட்டிலி அவித்து வைத்துக் கூப்பிட்டார். அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுத என்னால் முடியாது. சாதாரணமாகத்தான் போயின. அவர் தூங்கினார், அத்தையோடு தொழிற்சாலைக் கதை பேசினார், கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தார். நான் லீவு போட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு வருஷக் கிடங்கு வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பதைக் கடைசி நாள்தான் சொன்னார். நான் சண்டை போடவில்லை. லோரி வேலை திரும்பக் கிடைக்காது, தோட்டத்தில் வேலை என்றால் என்ன கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். "நான் அங்க வந்துட்டா?" என்று கேட்டேன். "அம்மாவ விட்டுட்டா?" என்றார். அத்தை வேலையை விட்டால் லயத்து வீடு போய்விடும். அதற்கு மேல் இருவரும் அதைப் பேசவில்லை.

புறப்படும் அன்று காலை, தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அதற்கு முன் நான் ஓட்டி அவர் உட்கார்ந்ததில்லை. தொட்டி நிரம்பியிருந்தது. அந்த ஏற்றத்தில் வரும்போது, இன்றைக்கு மட்டும் ஒருதரம் நின்றுவிடு என்று மனசுக்குள் சொன்னேன். வண்டி சளைக்காமல் ஏறியது. அவர் என் தோளில் கை வைத்துக் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். காற்றில் பாதிதான் கேட்டது. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றேன்.

பஸ் நிலையத்தில் சுற்றுலா வந்தவர்கள் கூட்டம். அவர் பையோடு ஏறினார். நான் கதவுப் பக்கம் நின்றேன். கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் யார் யாரோ. அவருக்கு அந்தப் பக்கத்து இருக்கை போலிருக்கிறது என்று நினைத்து, பஸ்ஸின் பின்னால் சுற்றி ஓடினேன். அதற்குள் அது பின்வாங்கித் திரும்பி, ரோட்டில் ஏறிவிட்டது.

போன் அடித்தது. "எங்க இருக்க? நான் கதவுப் பக்கம் வந்து பாக்குறேன், காணோம்."

"நான் அந்தப் பக்கம் வந்துட்டேங்க."

"நான் உனக்காக எந்திரிச்சி இந்தப் பக்கம் வந்தேன்லா."

"சரி, விடுங்க. ஒக்காருங்க. வளைவு வரும்."

"ஒக்காந்துட்டேன்," என்றார். "நீ பாத்துப் போ. வேலைக்குத்தானே நேரா?"

"ஆமாங்க. இன்னிக்கு ரெண்டு ஹோட்டல் துணி வருது."

லைன் கொரகொரத்தது. மலை இறங்கும் ரோட்டில் அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். முழுவதும் அறுந்துபோகும் வரை காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கடைக்குப் போனேன்.